வந்தவர் யார்? வராதவர் யார்?

பள்ளிக்கூட வாசலிலே பந்தல் போட்டிருக்கிறார்கள். "இலவசப் பரிசோதனை! சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் பார்க்கப்படும். பொதுமக்கள் திரண்டு வந்து பயன் பெறுவீர்!" என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ விடிந்ததிலிருந்து தெருத் தெருவாகச் சுற்றுகிறது. மேசை இருக்கிறது. மருத்துவர் இருக்கிறார். செவிலியர் இருக்கிறார். விரல் நுனியைக் குத்த ஊசி இருக்கிறது. வரிசையும் இருக்கத்தான் இருக்கிறது. அந்த வரிசையைத்தான் சற்றே உற்றுப் பாருங்கள் என்கிறோம்.

முதலில் நிற்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். சென்ற மாதமும் பார்த்துக் கொண்டவர். அதற்கு முந்திய மாதத்துச் சீட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னே முதிய தாய்மார்கள் ஐவர். பிறகு, பேரனை இடுப்பிலே சுமந்த பாட்டி ஒருவர். அவருக்கும் பின்னே, கடைத்தெருவிலே துணிக்கடை வைத்திருப்பவர். நாற்பது வயது உழைப்பாளி எங்கே? அதோ போகிறான், மூட்டை ஏற்றிய மூன்று சக்கர வண்டியை மிதித்துக் கொண்டு! ஒலிபெருக்கி அவனையும் சேர்த்துத்தான் அழைக்கிறது. திரும்பிப் பார்க்கிறான். போய்விடுகிறான்.

மாலையிலே கணக்கு எழுதுகிறார்கள். 'முகாமில் இத்தனை பேர் பயன் பெற்றனர்' என்று செய்தி வருகிறது, படத்தோடு வருகிறது, நமது ஏட்டிலேயும் வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. வந்தவர் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. வராதவர் கணக்கை எழுதுவது யார்?

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வாயில்லாப் பிணிகள். காலிலே முள் தைத்தால் வலி சொல்கிறது. காய்ச்சல் வந்தால் உடம்பு கொதித்துச் சொல்கிறது. இவையோ ஆண்டுக் கணக்கிலே உடம்புக்குள் குடியிருந்தும் வாயைத் திறப்பதில்லை. கருவியைக் கையிலே கட்டிப் பார்த்தாலன்றி, அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டியது தெரியாது. ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தாலன்றி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டது தெரியாது. தெரியவரும் நாளிலே பக்கவாதமாக வருகிறது, மாரடைப்பாக வருகிறது, மங்கிய கண்ணாக வருகிறது, ஆறாத கால் புண்ணாக வருகிறது. சிறுநீரகம் கெட்டு, வாரத்திற்கு இரு முறை, மூன்று முறை டயாலிசிஸ் படுக்கையிலே கிடக்க வேண்டிய நிலையாகவும் வருகிறது. கிடப்பவன் ஒருவன்தான், ஆனால் அந்தக் குடும்பத்திலே மகளின் படிப்பு நிற்கிறது, மனைவியின் காதிலே கிடந்தது அடகுக் கடைக்குப் போகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நாடு முழுவதும் சற்றொப்ப 1,13,000 பேரைப் பார்த்துச் சொன்ன முடிவு: வயது வந்தோரில் 100-க்கு 11 பேருக்கு நீரிழிவு, 100-க்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு. தலை எண்ணிக்கையிலே சொல்வதானால், 10 கோடியே 10 லட்சம் நீரிழிவுக்காரர்கள். 31 கோடியே 50 லட்சம் கொதிப்புக்காரர்கள்.

இத்தனை பேரில் எத்தனை பேர் தம் நோயை அறிந்தவர்கள்? 13 லட்சம் இந்தியரின் விவரங்களை ஆராய்ந்து 2019-ல் வந்த மற்றோர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. கொதிப்புள்ள 100 பேரை எடுத்துக் கொண்டால், 76 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் அழுத்தம் அளந்து பார்த்திருக்கிறார்கள். 'உனக்கு நோய் இருக்கிறது' என்று சொல்லப்பட்டவர் 45 பேர். மருந்து உண்பவர் 13 பேர். அழுத்தம் அடங்கி இருப்பவர் 8 பேர்! நூறு பேர் பயணம் புறப்பட்டு எட்டுப் பேர் ஊர் போய்ச் சேர்ந்த கதை இது. வழியிலே விழுந்தவர்களில் மிகுதி யார் என்றும் அதே ஆய்வு கூறுகிறது: ஆண்கள், சிற்றூரார், ஏழைகள்.

ஆண்களுக்கு நோய் குறைவு, ஆகையால் அவர்கள் வரவில்லை என்று எவரேனும் சமாதானம் சொல்லக் கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு அந்தச் சமாதானத்திற்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அழுத்தம் மிகுந்தவர் ஆண்களில் 100-க்கு 24, பெண்களில் 100-க்கு 21. சர்க்கரையிலும் ஆண்கள்தான் முந்தி நிற்கிறார்கள். நோய் மிகுதியாக உள்ள பக்கம் ஒன்று. சோதனைக்கு வருகிற பக்கம் மற்றொன்று.

பெண்களுக்கு ஆஸ்பத்திரி வழி தெரிந்திருக்கிறது. தெரிய வைத்தது அவர்களது தாய்மை. பிள்ளை வயிற்றிலே இருக்கும்போதே மாதந்தோறும் கையிலே பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்கிறார்கள். பிறந்த பிறகு தடுப்பூசிக்காகச் செவிலியரைப் பார்க்கிறாள். அந்தப் பழக்கம் பிற்காலத்திலும் துணை வருகிறது. (வீட்டு வேலைக்கு நாலு வீடு போகிற பெண்ணுக்கு அதுவும் இல்லை என்பதை மறந்துவிடலாகாது. அவள் நிலை வண்டிக்காரன் நிலைதான்.) ஆணுக்கோ, கால் உடைந்தால் ஒழிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு காரணம் இருப்பதில்லை.

இனி, மேடையிலே அடிக்கடி கேட்கிற பேச்சுக்கு வருவோம். "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்கிறார்கள். அறியாமைதான் காரணம் என்கிறார்கள். சொல்வதற்கு எளிது, சொல்பவருக்குச் செலவுமில்லை. ஆனால் அந்த அறியாதவனின் ஒரு நாளைச் சொல்பவர் அறிவாரா?

காய்கறிச் சந்தையிலே மூட்டை தூக்குகிறவனை எடுத்துக் கொள்வோம். ஊர் உறங்கும் வேளையிலே லாரி வருகிறது. இவன் முதுகு கொடுக்கிறான். ஊர் விழிக்கும் வேளையிலே இவன் படுக்கப் போகிறான். அந்த நேரத்திலேதான் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு திறக்கிறது! "வெறும் வயிற்றோடு வா" என்கிறார்கள். இரவெல்லாம் சுமந்தவன் வெறும் வயிற்றோடு வரிசையிலே நிற்க வேண்டும். இரத்தம் கொடுத்த பிறகு, "சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வா" என்கிறார்கள். முடிவு வாங்க இன்னொரு நடை. கட்டட வேலைக்குப் போகிறவனுக்கு இதன் விலை ஒரு நாள் கூலி. மறுநாள் மேஸ்திரி அவன் இடத்திலே வேறு ஆளை நிறுத்திவிட்டால், ஒரு வாரக் கூலி. சோதனை இலவசம் என்று சுவரிலே எழுதியிருக்கிறது. அவன் கணக்கிலே அது இலவசமில்லை.

அம்மட்டோ! முடிவிலே நோய் இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் அவன் எண்ணிப் பார்க்கிறான். லாரி ஓட்டுகிறவன், "சர்க்கரை என்று எழுதிவிட்டால் முதலாளி வண்டியைக் கொடுப்பாரா?" என்று அஞ்சுகிறான். முப்பது வயதிலே பெண் பார்த்துக் கொண்டிருக்கும் இளைஞன், "இது வெளியே தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?" என்று அஞ்சுகிறான். மாலையிலே மதுக்கடைக்குப் போகிறவன், மருத்துவர் ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லால் குத்துவார் என்று அஞ்சுகிறான். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: "தெரிந்து நான் என்ன செய்வேன்? மாதா மாதம் மாத்திரைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்." இப்படிக் கூறுபவனை அறிவிலி என்று நாம் சொல்லமாட்டோம். தவறான முடிவுதான், ஆனால் அவன் முன்னே நாம் வைத்த கணக்கிலே அதுதான் அவனுக்கு மலிவாகத் தெரிகிறது.

தெரிந்தால் பயன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. நோயின் வாசற்படி வரை வந்துவிட்ட 531 பேரை இங்குள்ள மருத்துவர்கள் மூன்றாண்டு கண்காணித்தார்கள். உணவையும் நடையையும் ஒழுங்கு செய்து கொண்டவர்களிடையே, நீரிழிவு வருவது கால் பங்குக்கும் மேலாகக் குறைந்தது, 28.5 விழுக்காடு. 2006-ல் வந்த முடிவு இது. ஆனால் இந்தச் செய்தியை வண்டிக்காரனுக்கு எவர் போய்ச் சொன்னார்?

இப்போது மற்றொரு வரிசையைப் பார்ப்போம். குளிரூட்டிய கூடம், மெத்தை நாற்காலி. 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று பெயர். வெள்ளிப் பொதி, தங்கப் பொதி, வைரப் பொதி என்று நகைக்கடை போலத் தரம் பிரித்திருக்கிறார்கள். இங்கே வருபவர் யார்? சென்ற ஆண்டும் வந்தவர். புகை பிடிக்காதவர், காலையிலே பூங்காவில் நடப்பவர், நோய் வந்தால் மறுநாளே மருத்துவரைப் பார்க்க வசதியுள்ளவர். இப்படிப் பொதுவாக உடம்பு முழுவதையும் சோதிப்பதால் சாவு குறைகிறதா என்று டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 2012-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 14 ஆய்வுகள், 1,82,880 பேர். சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது முடிவு! காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாக அவர்களே குறிப்பிடுவது, அழைத்தால் வருகிறவர்கள் வராதவர்களைவிட உடல் நலம் உள்ளவர்களாக இருந்துவிடுகிறார்கள் என்பது. ஆகையால் அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதே வீண் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியவனை விட்டுவிட்டு, பார்த்தவரையே பார்த்துக் கொண்டிருப்பது வீண்.

இஃது ஏதோ நமது நாட்டுக்கே உரிய குறை என்று தலைகுனியவும் வேண்டியதில்லை. இங்கிலாந்திலே 2009 முதல் 40 வயதிலிருந்து 74 வயது வரையுள்ளவர்களை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை, ஒரு காசும் வாங்காமல் சோதனைக்கு அழைக்கிறார்கள். அங்கேயும் முதியவர் வருகிறார், பெண்கள் வருகிறார்கள். நடுவயது ஆண்மகன், அதிலும் ஏழைப் பகுதியைச் சேர்ந்தவன், பின்தங்குகிறான்.

அந்த நாட்டின் பக்கத்திலே, வேல்ஸ் நாட்டில், கிளின்கோரக் என்றொரு நிலக்கரிச் சுரங்கச் சிற்றூர். சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர். 1961-ல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். சுரங்கத்திலே கரி வெட்டுகிறவன், தலைவலி இல்லாதபோது அழுத்தம் பார்க்க வருவானா? வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஆகையால் அவர் முகாம் போடவில்லை, ஒலிபெருக்கி கட்டவில்லை. இருமலுக்கு வந்தவனுக்கும் அழுத்தம் பார்த்தார். கை வெட்டுக்குக் கட்டுப் போட வந்தவனுக்கும் பார்த்தார். பார்த்தவர் பெயரைப் பதிந்து கொண்டே வந்தார். எஞ்சிய பெயர்கள் எவையென்று அவருக்கே தெரிந்தது. அவர்களைத் தேடிப் போனார். 20 வயது முதல் 64 வயது வரை ஊரிலே அநேகமாக ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்து முடித்து, 1970-ல் அதை எழுதினார். 25 ஆண்டு உழைப்பின் பயனாக, 65 வயதுக்குள் சாகிறவர் தொகை பக்கத்து ஊரைவிட அவரது ஊரில் குறைந்திருந்தது. தேவை எங்கே மிகுதியோ அங்கே மருத்துவம் குறைவாக இருக்கிறது என்று 1971-ல் அவர் எழுதிய கருத்து இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளிலே பேசப்படுகிறது. எஞ்சியவர் பட்டியலைக் கையிலே வைத்துக் கொண்டு அவர் நடந்ததுதான் நமக்கு வேண்டிய பாடம்.

நமது மாநிலத்திலே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. நீரிழிவுக்கென்று தனிப் பிரிவை 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையிலே டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய நாடு இது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ஊர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக்கி, வீட்டு வாசலிலே அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கையிலே கொடுக்கச் செய்த திட்டம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் 2024-ல் அதற்குக் கிடைத்தது. 2020-ல் தமிழகத்திலே நடந்த ஆய்வின்படி, கொதிப்புள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கும், நீரிழிவுள்ளவர்களில் 100-க்கு 11 பேருக்கும்தான் நோய் அடங்கியிருந்தது. 2023-24 மறு ஆய்விலே இரண்டும் 17-ஐ ஒட்டி உயர்ந்தன. நல்ல செய்திதான். 100-க்கு 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே ஆய்வு சொல்கிற செய்திதான்.

தன்னார்வலரான அந்தச் சகோதரி பகலிலே வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திறப்பவர் யார்? பாட்டி திறக்கிறார், மருமகள் திறக்கிறார். உழைக்கப் போனவன் உழைக்கப் போய்விட்டான். மறு மாதமும் தட்டுகிறார். மறு மாதமும் பாட்டிதான். இதை உணர்ந்துதான் போலும், 2024-ல் தொழிற்சாலைகளுக்கே சென்று பார்க்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் வாயிற்கதவும் வருகைப் பதிவேடும் உள்ள இடத்திலே ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. கூலிக்காக விடியலிலே நாற்சந்தியிலே நிற்கிறவனுக்கும், ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும், தள்ளுவண்டிக்காரனுக்கும் வாயிற்கதவு ஏது?

அவன் கூடுகிற இடங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆட்டோ நிலையம் இருக்கிறது, தேநீர்க் கடை இருக்கிறது, முடிதிருத்தும் நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலே சலூன் பெஞ்சிலே உட்கார்ந்து நாளேட்டை உரக்கப் படித்து அரசியல் பேசி வளர்ந்த நாடல்லவா இது! மருத்துவமனைக்கு வராத ஆண்மகன் மாதம் ஒரு முறை அங்கே வந்தே தீர்கிறான். வந்தவன் அரைமணி அசையாமல் உட்காருகிறான். அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இதையே செய்து பார்த்தார்கள். கறுப்பின மக்களின் 52 முடிதிருத்தகங்கள். கொதிப்புள்ள 319 ஆண்கள். ஒரு சாராருக்கு, மருந்தியல் கற்றவர் ஒருவர் சலூனுக்கே வந்து அழுத்தம் பார்த்து, மருத்துவர்களின் ஒப்புதலோடு மருந்தும் கொடுத்தார். மற்றவர்களுக்கு, மருத்துவரைப் பாருங்கள் என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது. ஆறு மாதத்திலே, மருந்து பெற்றவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரி 27 புள்ளி இறங்கிற்று. அறிவுரை பெற்றவர்களுக்கு 9 புள்ளிதான். 2018-ல் வெளியான முடிவு இது. அறிவுரைக்கும் மருந்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எவரும் அளந்து காட்ட முடியாது!

ஊசி கூட வேண்டியதில்லை முதலிலே. நீரிழிவு வரக் கூடியவர் யார் என்று கணிக்கச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். வயது, இடுப்பின் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கே கேள்விகள். 100-க்கு 60-ம் அதற்கு மேலும் வந்தால் அவரை அவசியம் சோதிக்க வேண்டும். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். அதைப் பிடித்து அளக்க, நமது படிப்பகத்துத் தோழர்களால் முடியாதா? தொழிற்சங்கக் கிளைகளால் முடியாதா? கொடி ஏற்றவும் சுவரொட்டி ஒட்டவும் தெருத் தெருவாகப் போகத் தெரிந்த கால்கள், தத்தம் தெருவிலே இதுவரை ஒரு முறையும் அழுத்தம் பார்த்திராத ஆண்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கவும் போகலாமே!

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. மனைவியின் பிரசவத்திற்குத் துணையாக வருகிறவன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலே பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். தாயின் கண் அறுவைக்கு வந்தவனும் அப்படியே. அவன் கையிலே கருவியைக் கட்டிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? வேல்ஸ் மருத்துவர் செய்தது இதுதானே? மாத்திரையை மாதா மாதம் கொடுக்காமல், நோய் அடங்கியவர்களுக்கேனும் மூன்று மாதத்திற்குச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு நாள் கூலி மிஞ்சுமே! மாவட்டந்தோறும் வெளியிடுகிற அறிக்கையிலே, 'இத்தனை லட்சம் பேருக்குச் சோதனை செய்தோம்' என்பதற்கு எதிரே, 30 வயதைத் தாண்டிய ஆண்களில் இத்தனை பேரை இன்னும் பார்க்கவில்லை என்ற தொகையையும் அச்சிடட்டும். ஒருவரையே நான்கு முறை சோதித்து நான்கு என்று எழுதுகிற வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அதுவும் அன்றோடு ஒழியும்.

அடுத்த முகாமுக்கு அறிவிப்பு அச்சாகும்போது, 'காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை' என்பதை அடித்துவிட்டு, 'மாலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, சந்தை வாசலில்' என்று ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். வரிசையிலே நிற்பவர் யார் என்று பார்க்க நாமும் வருகிறோம்.